காற்றுக் கேட்ட வண்டி

தார்ப்பாயை இழுத்தபோது முதலில் வெளியே வந்தது ஓர் எலி. அதற்குப் பிறகுதான் வண்டி தெரிந்தது.

ஜெர்மனியில் பாடர்போர்ன் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீடு, அதன் பின்னால் பழைய வைக்கோல் கொட்டகை. வெளியே நல்ல வசந்தகால வெயில். உள்ளே ஈர வைக்கோலும் பழைய எண்ணெயும் கலந்த மணம். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். எலி எந்தப் பக்கம் போனது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

இந்தத் தொடரை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்கு என் பயங்களின் வரிசை மனப்பாடமாகியிருக்கும். நாய், நகரும் படிக்கட்டு, அரசாங்கத்திலிருந்து மஞ்சள் உறையில் வருகிற கடிதம், டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பேசத் தொடங்குவது. இந்தக் கிழமை அதில் ஒரு வண்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி என்று அதைச் சொல்வதற்கே பெரிய மனம் வேண்டும். கூரை இல்லை, கதவு இல்லை. குளிக்கும் தொட்டி ஒன்றுக்கு நாலு பெரிய சில்லுகளைப் பூட்டிவிட்ட மாதிரி ஓர் உடம்பு. ஒரு காலத்தில் செம்மஞ்சள் நிறமாக இருந்திருக்க வேண்டும். கடற்கரை மணல்மேடுகளில் ஏறி இறங்கி விளையாடுவதற்கென்றே செய்கிற வண்டியாம், பகி என்று பெயர். எங்கள் பீலெஃபெல்டில் மணல் என்றால் சிறுவர் பூங்காவில்தான் உண்டு.

எஞ்சின் பின்பக்கம். அதற்கு மூடி கிடையாது. குழாய்களும் வயர்களும் கறுத்த இரும்புமாக, உரித்த கோழியைப்போல எல்லாம் வெளியே தெரிந்தது. பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

விற்கிறவர் பிரிங்க்மன் என்று ஒரு வயதானவர். இளமையில் தானே பூட்டிச் சேர்த்த வண்டி என்றும், இப்போது இடுப்பு இடம் தராததால் ஏறி இறங்க முடியவில்லை என்றும் சொன்னார். குறைகளை ஒளிக்கவில்லை. எண்ணெய் ஒழுகும், எஞ்சின் சரியாக ஓடாது, திருத்தத் தெரியாதவர் வாங்கிப் பயனில்லை என்று அவரே சொல்லிக்கொண்டு போனார். எனக்கு அதுதான் சந்தேகமாக இருந்தது. நான் கண்ட பழைய வண்டிக்காரர்கள் எல்லாரும் வண்டியைக் கலியாணத்துக்கு நிற்கிற பெண்ணைப்போல வர்ணிப்பார்கள்.

"இது காற்றில் குளிர்கிற எஞ்சின். பழக்கமா?" என்று பிரிங்க்மன் ஜெர்மனில் கேட்டார்.

இவர் தலையாட்டினார். இவர் என்று நான் எழுதுவது என் கணவர் அன்ரனை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து பெயர் சொல்லிப் பழக்கமில்லை, எழுத்திலும் வரமாட்டேன் என்கிறது.

"ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. இதோ, இந்த விசிறி உள்ளே இழுத்து ஊதுகிற காற்றுத்தான் எல்லாம். இவனுக்குக் காற்றை மட்டும் விட்டுவிடுங்கள். வேறொன்றும் கேட்கமாட்டான்."

பிறகு டிராக்டர் பற்றரியில் வயரைக் கொழுவி எஞ்சினை எழுப்பினார். கொட்டகை முழுவதும் அதிர்ந்தது. புகை வந்தது. சத்தம் ஒரே சீராக வரவில்லை, நொண்டிக்கொண்டு வந்தது. நான் முற்றத்துக்கே போய்விட்டேன்.

அங்கிருந்து பார்க்கிறேன், இவர் குனிந்து, கண்ணை மூடி, தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். புகை முகத்தில் அடிக்கிறது. அசையவில்லை.

"மூண்டாவது," என்றார் தமிழில். யாருக்குச் சொன்னாரோ தெரியாது. நாலு சிலிண்டரில் மூன்றாவது வேலை செய்யவில்லை என்று அர்த்தமாம்.

வரும் வழியெல்லாம் வேண்டாம் என்று சொல்லக் காரணங்களை அடுக்கி வைத்திருந்தேன். நல்ல காரணங்கள், இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். இவர் கையை லேஞ்சியில் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"என்ன சொல்லுறீர்?" என்று கேட்டார்.

ஏறக்குறைய ஒரு வருடமாக இவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

"எடுங்கோ," என்றேன்.

பால்கனியில் ஒரு கதிரை

எங்கள் பக்கத்தில் குசினி அலுமாரி செய்கிற தொழிற்சாலைகள் அதிகம். அப்படியொன்றில் இவர் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தார். பலகைக்கு விளிம்பு ஒட்டுகிற பெரிய இயந்திரம் இவருடைய பொறுப்பு. சாப்பாட்டு நேரத்தில் தூரத்திலிருந்தே சத்தம் மாறினதைக் கேட்டு எழும்பி ஓடுவாராம். கூட வேலை செய்தவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

தொழிற்சாலையை மூடினார்கள். கடைசி நாளில் கேக் வெட்டிக் கை கொடுத்து அனுப்பினார்கள். பிறகு வேலை அலுவலகத்தில் Termin என்று வரச்சொல்லி நாள் கொடுத்தார்கள். போனார், வந்தார். புது வேலைக்கு வயது கூடிப்போச்சு, பென்சனுக்கு வயது காணாது. இவருடைய வயதுக்கென்று இந்த நாட்டில் ஒன்றுமில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அதன்பிறகு பால்கனிக் கதிரைதான். மடிக்கிற கதிரை, பச்சைத் துணி போட்டது, கோடைக்கென்று வாங்கியது. இவர் அதில் குளிர்காலம் முழுக்க இருந்தார். காலையில் கண்ணாடிக் கதவு இழுபடுகிற சத்தமும், கதிரையின் கால் சீமெந்தில் உரசுகிற சத்தமும் கேட்கும். நான் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை முடிந்து வரும்போதும் அங்கேதான் இருப்பார். தேத்தண்ணீர் ஆறிப்போய்ப் பக்கத்தில் இருக்கும்.

சொந்தக்காரர் போன் எடுத்து, "அன்ரன் அண்ணை நல்லா றெஸ்ற் எடுக்கிறார் போல," என்பார்கள். ஓம் ஓம் என்று வைத்துவிடுவேன்.

குடும்ப டொக்டரிடம் நான் தனியாகப் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒரு சொல் சொன்னார். அந்தச் சொல் எனக்கு முன்பே தெரியும். மனநல டொக்டரிடம் ஒரு Termin எடுத்து வந்து இவரிடம் சொன்னபோது, "எனக்கென்ன விசரோ?" என்று கேட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிவிட்டார்.

அப்படி இருந்தவர்தான் ஒருநாள் போனை நீட்டி ஒரு படத்தைக் காட்டி, "ஒருக்காப் போய்ப் பாப்பமே?" என்றார். படத்தில் அந்தக் குளிக்கும் தொட்டி. அவர் ஒரு யானையைக் காட்டிக் கேட்டிருந்தாலும் நான் போயிருப்பேன்.

மண்ணெண்ணெய் மணந்த முக்காடு

வண்டி நடுவழியில் நிற்பதைப் பற்றிய என் பயம் இன்று நேற்று வந்ததல்ல.

எங்கள் கலியாணம் யாழ்ப்பாணத்தில், போர்த் தடையால் பெற்றோலைக் கண்ணால் காணக் கிடைக்காத காலத்தில் நடந்தது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் பத்திரமாக வைத்திருக்கிற பெற்றோலைக் கொஞ்சம் காட்டி எஞ்சினை எழுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கார் இருமிக்கொண்டே ஓடும். பின்னால் வருகிறவன் கண்ணைக் கசக்கிக்கொண்டே வருவான்.

என்னை ஏற்றிய கார் மாதா கோயிலுக்கு ஒரு திருப்பம் முன்னால் நின்றுவிட்டது. போத்தலில் இருந்த பெற்றோலும் முடிந்தது. வெள்ளைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மிச்சத் தூரத்தை வெயிலில் நடந்தேன். பூசை முழுவதும் என் முக்காட்டிலிருந்து மண்ணெண்ணெய் மணந்தது. இவர் கோயில் வாசலில் நின்று நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைத்தாராம். இருபத்தைந்து வருடம் அதைச் சொல்லி என்னைப் பகிடி பண்ணினார். தொழிற்சாலை மூடிய பிறகு அந்தப் பகிடியும் நின்றுவிட்டது.

அன்றைக்குக் கார் நின்றதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாருடைய காரும் நிற்கிற காலம் அது. இங்கே அப்படியா? இங்கே ஒருவருடைய வண்டியும் நிற்பதில்லை. நின்றால் அது உங்களுடையதுதான்.

ரோச்லைற் உத்தியோகம்

வண்டியை ட்ரெயிலரில் ஏற்றி எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கிற கராஜுக்குக் கொண்டுவந்தோம். யாத்திரை போய்க் கெவலார் மாதாவிடமிருந்து கொண்டுவந்த தீர்த்தம் வீட்டில் எப்போதும் இருக்கும். மாதாவின் உருவத்திலேயே ஒரு பிளாஸ்டிக் போத்தல், நீலக் கிரீடம்தான் அதன் மூடி. நான் கிரீடத்தைத் திருகித் திறந்து சுக்கானில் தெளித்தேன், இருக்கைகளில் தெளித்தேன், பின்பக்கம் போனேன்.

"இஞ்சரும், எஞ்சினுக்கு மட்டும் தண்ணி காட்டாதேயும்," என்றார் இவர்.

"தீர்த்தமப்பா."

"மாதாவுக்குத் தெரியும், இது காத்து எஞ்சின் எண்டு."

நான் போத்தலை மூடினேன். பகிடி விட்டாரா, உண்மையாகச் சொன்னாரா என்று யோசித்தபடி படியேறினேன். பகிடிதான் என்று குசினியில் வைத்து விளங்கியது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

அடுத்த நாளிலிருந்து எனக்கு ரோச்லைற் பிடிக்கிற உத்தியோகம். வேலை முடிந்து வந்தால் கராஜ்தான். வெறும் தண்ணீர்ப் போத்தல் பெட்டியைக் கவிழ்த்து அதில் இருப்பேன். இவர் படுத்தபடி, "இஞ்சால", "கொஞ்சம் மேல", "கையை ஆட்டாதேயும்" என்பார். முதுகு விட்டுப்போகும். ஆனால் நான் எழும்பவில்லை. எழும்பினால் இவரும் எழும்பிவிடுவார் என்று ஒரு பயம்.

முதலில் திருகாணிகளைப் பற்றித்தான் பேசினார். பிறகு எஞ்சினைப் பற்றி. பிறகு, வண்டிக்கு அடியிலிருந்தபடியே, அந்தக் கடைசி நாள் கேக்கைப் பற்றிப் பேசினார். "தின்னவே ஏலாமப் போச்சு," என்றார். முகம் தெரியாததால் சொல்ல முடிந்ததோ என்னவோ. நான் லைற்றை ஆட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எங்கள் மகள் ஜெனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். டுசல்டோர்ஃபில் வேலை. புரட்டாதியில் கலியாணம் என்று முற்றாகியிருந்தது. மாப்பிள்ளையும் எங்கள் ஆட்கள்தான், நல்ல பிள்ளை. ஒரே பிரச்சினை, மண்டப வாசலுக்கு எப்படி வருவது என்பது.

வெளியூர் வாசகர்களுக்கு இது விளங்காது. இங்கே எங்கள் கலியாணங்களில் கோயிலில் நடப்பதைவிட மண்டப வாசலில் நடப்பதுதான் பெரிய விசயம். ஒருவர் பிள்ளையைக் குதிரை வண்டியில் கொண்டுவந்து இறக்கினால், அடுத்தவர் பல்லக்கு. அதற்கடுத்தவர் ஹெலிகொப்டர். மாப்பிள்ளையின் தாய் குதிரை வண்டிதான் வேண்டும் என்று நின்றார். ஜெனி, "நான் நடந்து வாறன்," என்று நின்றாள்.

ஒரு சனிக்கிழமை வந்தவள் எங்களைத் தேடிக் கராஜுக்கே வந்துவிட்டாள். தகப்பன் முழங்கை வரை எண்ணெயோடு ஒரு வால்வைத் தூக்கிக் காட்டி, அது எப்படி எரிந்து போயிருக்கிறது என்று விளக்கினார். அவள் வால்வைப் பார்க்கவில்லை, தகப்பனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, நாங்கள் இதிலதான் மண்டபத்துக்கு வருவம். நீங்கள்தான் ஓட்டவேணும்," என்றாள்.

இவர் கை துடைப்பதை நிறுத்திவிட்டார்.

பிறகு குசினியில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "பிள்ளை, உது அண்டைக்கு ஓடாட்டி?"

"அம்மா, அப்பா கதைக்கிறார். உங்களுக்கு விளங்கேல்லையே?"

விளங்கியது. அதனால்தான் பயம் இரட்டித்தது. அதுவரை வண்டி ஓடாமல் போனால் கராஜுக்குள்ளே கிடந்துவிட்டுப் போகும், எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். இனி அது ஊர்ச் சனம் முழுவதற்கும் முன்னால் ஓடவேண்டும். அது அங்கே நின்றுவிட்டால் இவர் திரும்பவும் போய் அந்தக் கதிரையில் இருந்துவிடுவார். இந்த முறை எழும்பமாட்டார். என் பயம் வண்டியைப் பற்றியதே அல்ல.

புது வால்வு போட்டு, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, ஆடி மாதத்தில் ஒரு மாலை எஞ்சினை எழுப்பினார். நாலும் ஓடியது. நொண்டவில்லை. விசிறியின் ஊ என்ற ஓசை மேலே, அதற்குக் கீழே சீரான ஒரு தட்டல். எனக்கு அழுகை வந்தது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதற்குப் பிறகும் தினமும் ஒருமுறை எழுப்பிக் கேட்போம். எனக்கு அந்தச் சத்தம் மனதில் பதிந்துவிட்டது. வேலையில் பாத்திரம் கழுவும்போதும் கேட்கும்.

மண்டப வாசல்

மண்டபம் தொழிற்பேட்டைக்குள், ஒரு டயர் கடைக்கும் கம்பளக் கடைக்கும் நடுவில். வெளியே பெரிய வாகனத் தரிப்பிடம். பகிக்கு இன்னும் TÜV என்கிற வாகனத் தகுதிச் சோதனை முடியவில்லை, தெருவில் ஓட்ட ஏலாது. ஆனால் மண்டபத்துக்காரர் தன் வளவுக்குள் கேற்றிலிருந்து வாசல் வரை ஓட்டுவதற்குச் சம்மதித்தார். காலையிலேயே ட்ரெயிலரில் கொண்டுபோய் இறக்கிவிட்டுக் கோயிலுக்குப் போனோம்.

நாங்கள் பூசையில் இருந்த நேரத்தில் சுகந்தி வண்டிக்குப் பூ அலங்காரம் செய்தாள். கலியாணங்களுக்கு அலங்காரம் செய்வதுதான் அவளுடைய தொழில், கைராசிக்காரி. "பூவை முன்னுக்குக் கட்டுங்கோ, தங்கச்சி," என்று இவர் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். அவள் முன்னுக்கும் கட்டினாள். பக்கங்களிலும் கட்டினாள். பிறகு பின்னால் வந்து பார்த்திருக்கிறாள். கலியாண வண்டியில் இப்படி அலங்கோலமா என்று மனம் கேட்கவில்லை. வெள்ளை வலைத் துணியால் எஞ்சினைச் சுற்றிப் போர்த்து, மேலே சரிகைத் துணி போட்டு, அதன்மேல் ரோசாப்பூவை நெருக்கமாகக் கோர்த்துவிட்டாள்.

கோயிலால் வந்து இறங்கியதும் நான் பின்பக்கத்தைப் பார்த்தேன். உரித்த கோழிக்கு ஒருவழியாகச் சேலை கட்டியாயிற்று என்று எனக்குச் சந்தோசம். இவர் பின்னால் வரவேயில்லை. வீடியோக்காரன் விடவில்லை. "அங்கிள், வெளிச்சம் போகுது, ஏறுங்கோ, ஏறுங்கோ," என்று தள்ளிக்கொண்டு போய் முன்னால் இருத்திவிட்டான்.

மேளக்காரர் முன்னால். அவர்களுக்குப் பின் வீடியோக்காரன். பிறகு வண்டி, நடை வேகத்தில். ஜெனியும் மாப்பிள்ளையும் பின் இருக்கையின் முதுகில் உயரமாக இருந்து கையசைத்தார்கள். அதற்குப் பின்னால் தட்டுகளோடு பெண்கள். நான் சரியாக எஞ்சினுக்குப் பின்னால்.

முதலில் மணம்தான் வந்தது. ரோசாப்பூவைச் சட்டியில் போட்டு அவித்தால் எப்படி மணக்கும்? அந்த மணம். பிறகு அதற்குள் எண்ணெய் மணம்.

பிறகு சத்தம். விசிறியின் ஊ என்ற ஓசை இல்லை. வாயைப் பொத்தினால் வருகிற மாதிரி ஒரு முனகல்தான் கேட்டது. தட்டல் இறுகிப்போயிருந்தது.

நான் எப்போதும் பயப்படுகிறவள். என் பயத்துக்கு ஒருவரும் மதிப்புக் கொடுப்பதில்லை, நானும் கொடுப்பதில்லை. மனப்பிராந்தி என்று நினைத்தேன். வாசல் இந்தா கிட்டத்தான். மாப்பிள்ளையின் தாய் ஆரத்தித் தட்டோடு நிற்பது தெரிகிறது. இன்னும் கொஞ்சத் தூரம் போய்விட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

அப்போதுதான் பிரிங்க்மன் சொன்னது நினைவில் வந்தது. காற்றை மட்டும் விட்டுவிடுங்கள்.

தட்டைப் பக்கத்தில் வந்தவளிடம் திணித்துவிட்டு முன்னால் ஓடினேன். "நிப்பாட்டுங்கோ!" மேளச் சத்தத்தில் இவருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் போய்த் தோளில் அடித்தேன். இவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டார்.

பின்னால் பூக்களுக்கு இடையிலிருந்து புகை எழும்பியது. பிள்ளைகள் இரண்டு பேரும் குதித்து இறங்கினார்கள்.

என் தம்பி ரெஜி உதவி என்றால் முதலில் நிற்பான், யோசிப்பது பிறகுதான். மண்டபத்துக்குள் ஓடிப்போய் ஒரு வாளி தண்ணீரோடு வந்தான். ஊரில் கார் சூடேறி ஆவி வந்தால் அதைத்தானே செய்வோம். "விலகுங்கோ, ஊத்துறன்!"

"ஊத்தாதை!"

அது இவருடைய குரல். மேளம் நின்றுவிட்டது. ரெஜி வாளியோடு அப்படியே நின்றான்.

"பச்சைத் தண்ணி பட்டால் வெடிச்சுப்போகும்," என்றார் இவர், குரலைத் தணித்து. "வாளியை அங்கால வை, தம்பி."

பிறகு நானும் இவரும் அலங்காரத்தைப் பிய்த்தோம். வலைத்துணியில் பாதியை விசிறி உள்ளே இழுத்து வைத்திருந்தது. சுகந்தி வாயில் கை வைத்தபடி நின்றாள். அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. யாரோ ஒரு மாமி கையிலிருந்த பூசைப் புத்தகத்தால் எஞ்சினுக்கு விசிறத் தொடங்கினார். பார்த்துவிட்டு மற்றவர்களும் தங்கள் புத்தகங்களால் விசிறினார்கள். மணமக்களின் படம் போட்ட அட்டைகள் எஞ்சினைச் சுற்றி ஆடின.

"அங்கிள், ஒருக்கா ஸ்ராட் பண்ணுங்கோ. வாசல் கிட்டத்தானே," என்றான் வீடியோக்காரன்.

இவர் திறப்பைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாரும் அந்தக் கையைத்தான் பார்த்தார்கள். நான் செபம் சொல்லத் தொடங்கினேன், என்ன கேட்பது என்று தெரியாமல்.

"இல்லை. இப்ப எழுப்பினால் எஞ்சின் முடிஞ்சுது," என்றார். திறப்பைப் பொக்கற்றில் போட்டார். கோட்டைக் கழற்றி என் கையில் தந்தார். பின்னால் போய்க் குனிந்து வண்டியில் கை வைத்தார்.

ஜெனி சேலையைச் செருகிக்கொண்டு முன் இருக்கையில் ஏறினாள். "நான் சுக்கான் பிடிக்கிறன், அப்பா. தள்ளுங்கோ."

மாப்பிள்ளை தள்ளினான். ரெஜி தள்ளினான். கோட்டுச் சூட்டோடு வந்த ஆம்பிளைகள் எல்லாரும் இடம் பிடித்துத் தள்ளினார்கள். மேளக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு வேகமான தாளத்தில் எடுத்தார்கள். மணப்பெண் ஓட்ட, சனம் தள்ள, வண்டி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. தலைக்கு மேலே வீடியோக்காரனின் ட்ரோன் எல்லாவற்றையும் படம் பிடித்தது.

"புதுமாதிரியாத்தான் செய்திருக்கிறியள்," என்றார் மாப்பிள்ளையின் தாய். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சனம் சிரித்தது, கை தட்டியது, சந்தோசமான சிரிப்புத்தான். ஆனால் எனக்கு இவருடைய முகம் தெரியவில்லை. வாசல் வரும்வரை தலையைக் குனிந்தபடியே தள்ளினார்.

விருந்து முழுக்க நான் இவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டு கொஞ்சமாகச் சாப்பிட்டார். வந்தவர்களுக்குக் கை கொடுத்தார். தொழிற்சாலையில் கடைசி நாளிலும் இப்படித்தான் கை கொடுத்திருப்பார் என்று தோன்றியது. பகியை ட்ரெயிலரில் ஏற்றிக் கொண்டுவந்து கராஜில் விட்டார். வீட்டுக்குள் வந்ததும் நேரே பால்கனிக் கதவை இழுத்துத் திறந்தார். கதிரையின் கால் உரசுகிற சத்தம் கேட்டது.

நான் சேலையை மாற்றினேன். போய்ப் படுத்துவிட்டேன்.

ஞாயிறு காலை

விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. பக்கத்தில் இவர் இல்லை. படுத்தபடியே காது கொடுத்தேன். கதவுச் சத்தம் இல்லை, உரசல் சத்தம் இல்லை. எழும்பிப் பால்கனிக்குப் போனேன். கதிரையில் ஒருவரும் இல்லை. கோட்டு மட்டும் மடித்து வைத்திருந்தது.

எனக்கு வந்த யோசனைகளை இங்கே எழுதப் போவதில்லை. இப்படி ஒருவரோடு ஒரு வருடம் பயந்து வாழ்ந்தவர்களுக்கு அவை தெரியும். வீட்டுச் செருப்போடு நாலு மாடியும் இறங்கி ஓடினேன்.

கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. வண்டிக்கு அடியில் இரண்டு கால்கள். பக்கத்தில் விரித்த பத்திரிகையில் கருகிய வலைத்துணித் துண்டுகளும் கறுத்த ரோசா இதழ்களும்.

"வந்தனீரே?" என்றன கால்கள். "அந்த லைற்றை எடும்."

எடுத்தேன். பெட்டியில் இருந்தேன். "எஞ்சின்?"

"தப்பியிட்டுது போலத்தான் கிடக்கு. நீர் அந்த நேரம் அடிச்சிராட்டி முடிஞ்சிருக்கும். என்னெண்டாலும் மூண்டாவதைக் கழட்டிப் பாக்கவேணும்." கொஞ்ச நேரம் ஸ்பானர் திருகுகிற சத்தம். "வீட்டுச் செருப்போட வந்திருக்கிறீர்."

"படியால ஓடி வந்தனான்."

"ஏன் ஓடினனீர்?"

ஏதாவது பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

"கதிரை வெறுமையாக் கிடந்தது," என்றேன்.

திருகுகிற சத்தம் நின்றது. வெளியே யாரோ நாயைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் அதற்குக்கூடப் பயப்படவில்லை.

"அதை இஞ்ச கீழ கொண்டு வாருமன்," என்றார் அடியிலிருந்து. "உந்தப் பெட்டியில இருந்துதான் உமக்கு முதுகு நோகுது."

மேலே போய்க் கோட்டை எடுத்துக் கட்டிலில் போட்டேன். கதிரையை மடித்தேன். எங்கள் கட்டிடத்து லிஃப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை. தோளில் வைத்துக்கொண்டு படியால் இறங்கினேன்.